பாடத்துக்கு முன்னால் கணக்கு: ஒன்பதாம் வகுப்பில் பிரச்சினை வழிக் கற்றல் எடுபடுமா?

செஞ்சிக்கோட்டை எழுதியது:

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பதும் பத்தும் என்னிடம். ஒன்பதில் 44 பேர். பெரும்பாலும் விவசாயக் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள்.

பிரச்சினை வழிக் கற்றல் பற்றிப் பணியிடைப் பயிற்சியில் கேட்டதிலிருந்து அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சூத்திரம், எடுத்துக்காட்டு, பயிற்சிக் கணக்கு என்று போகும் வரிசையைத் திருப்பி, முதலில் ஒரு பிரச்சினையைக் கையில் கொடுப்பது. அதோடு மல்லுக்கட்டும்போது கணிதம் தேவைப்படும், அப்போது பாடம் நடத்துவது. என் பிள்ளைகளுக்கு இது வேண்டும் என்று நிச்சயமாகத் தோன்றுகிறது. சூத்திரம் எது என்று சொல்லிவிட்டால் போட்டுவிடுகிறார்கள். அதே கணக்கை வார்த்தை மாற்றிக் கேட்டால், "சார், இது நீங்க நடத்தலையே" என்று பேனாவை வைத்துவிடுகிறார்கள்.

போன மாதம் முயன்று பார்த்தேன். மாமல்லபுரத்துக்கு வகுப்புச் சுற்றுலா போகத் திட்டமிடுங்கள் என்று ஆறு ஆறு பேராகப் பிரித்துக் கொடுத்தேன். பஸ் வாடகை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அவர்களே விசாரித்து வர வேண்டும். சார்ட் அழகாக வந்தது. ஆனால் ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளை கணக்குப் போட்டது, மற்றவர்கள் ஓரத்துக்குப் பூ வரைந்தார்கள். அந்த ஒரு பிள்ளை போட்டதும் கூட்டலும் பெருக்கலும்தான். நடத்த வேண்டிய பாடமோ இரு மாறி நேரியல் சமன்பாடு.

வகுப்பில் உண்மையாகவே செய்து பார்த்தவர்களிடம் கேட்கிறேன். எந்த மாதிரிப் பிரச்சினையைக் கொடுப்பது? மற்ற ஐந்து பேரையும் எப்படி யோசிக்க வைப்பது? போர்ஷன் முடியுமா? யோசனை வளர்ந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?


திருப்புதல் எழுதியது:

சார், உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். பத்தாம் வகுப்பே கதி என்று இருப்பவன் என்பதால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வினாத்தாள் உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் வடிவியலும் வரைபடமும் எட்டெட்டு. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு அந்த 16 மதிப்பெண்தான் உயிர்நாடி. அதைக் கையில் பிடித்துக் கற்றுக்கொடுக்காமல், "நீயே கண்டுபிடி" என்று விட்டால் அந்தப் பிள்ளை நடுவழியில் நிற்கும். வீட்டில் சொல்லித்தர ஆள் உள்ள பிள்ளை எப்படியும் தப்பித்துக்கொள்ளும். இல்லாத பிள்ளைக்கு நாம் மட்டும்தான் இருக்கிறோம்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. கல்வி உளவியல் ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் வாதிடுகிறது. புதிதாகக் கற்பவரின் மனம் ஒரே நேரத்தில் சில விஷயங்களைத்தான் தாங்கும். வழிகாட்டல் இல்லாமல் தேடச் சொன்னால் தேடுவதிலேயே அந்த இடம் முழுக்கத் தீர்ந்துவிடும். போட்டுக் காட்டிய கணக்குகளைப் படிப்பதால் தொடக்க நிலையில் நல்ல பலன் உண்டு என்று ஸ்வெல்லர் 1980-களிலேயே காட்டியிருக்கிறார். நான் பாதி போட்ட கணக்கைக் கொடுக்கிறேன். முதலில் கடைசி வரியை மட்டும் விட்டுவைப்பேன், அப்புறம் இரண்டு வரி, அப்புறம் முழுக்க அவர்களே. இதிலும் யோசனை உண்டு சார்.


நாற்கரம் எழுதியது:

திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. பல வருடங்களாக இந்த முறையில் நடத்துகிறேன், எல்லாப் பாடத்துக்கும் அல்ல. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

செஞ்சிக்கோட்டை சார், சுற்றுலாத் திட்டத்தில் பிள்ளைகள் யோசிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி நிறைய யோசித்திருப்பார்கள். ஆனால் அதை முடிக்க ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும். கையில் இருக்கும் கணிதம் பாதி தூரம் கொண்டுபோய்விட்டு, மீதி தூரத்துக்குப் போதாமல் போக வேண்டும். அப்படிப் போதாமல் போகும் இடத்தில் உங்கள் பாடம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இது ஒன்றைத்தான். சுவாரசியம், குழு, சார்ட் எல்லாம் அதற்கப்புறம்.

இந்த முறை வேரூன்றியது மருத்துவக் கல்வியில். கனடாவின் ஹாமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் இப்படித் தொடங்கியது: நோயாளியின் பிரச்சினை முதலில், பாடம் அதைத் தொட்டுக்கொண்டு. அங்கே கற்றவர்கள் வளர்ந்தவர்கள். நூலகத்தில் உட்கார்ந்து தாங்களே தேடிப் படிக்கக்கூடியவர்கள். நம் ஒன்பதாம் வகுப்புக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வரக் கூடாது. வாரக்கணக்கில் ஒரு பிரச்சினை நமக்கு வேண்டாம். ஒரு பிரச்சினை, இரண்டு பாடவேளை, அதன் வாலில் முறையான பாடம். இந்த அளவு நமக்குத் தாங்கும்.

என் வகுப்பில் நன்றாக ஓடும் ஒன்றைச் சொல்கிறேன். கரண்ட் பில்.

கரும்பலகையில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின்கட்டணத்தை எழுதுவேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடினால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் வேறு பட்டியல்: முதல் 100 அப்போதும் இலவசம்தான், ஆனால் 101 முதல் 400 வரை முழுக்க 4.50, அடுத்த நூறுக்கு 6, 501 முதல் 600 வரை 8. (அதற்குப் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. பழைய எண்கள் பிள்ளைகளுக்குப் போடச் சுலபம் என்பதால் அவற்றையே வைத்திருக்கிறேன்.) பிறகு கேள்வி: "ஐந்நூறைத் தாண்ட விடாதீங்க" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். "ஒரு யூனிட் கூடினா எட்டு ரூபாய்தானே" என்கிறான் அண்ணன். யார் சொல்வது சரி?

அவ்வளவுதான் கேள்வி. இதற்கு மேல் ஒரு குறிப்பும் கொடுப்பதில்லை.

முதல் எட்டு, பத்து நிமிடம் யாரும் யாரோடும் பேசக் கூடாது. அவரவர் நோட்டில் எதையாவது எழுதியே ஆக வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு மட்டும். ஆறு பேர் குழு வேண்டாம் சார்; இரண்டு பேர் என்றால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த நேரத்தில் நான் வரிசை வரிசையாக நடந்து யார் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வேன். என்னென்ன விதமாக வரும் என்பதை முதல் நாளே பாடக்குறிப்பில் எழுதிவைத்திருப்பேன். ஜப்பானில் கணித ஆசிரியர்கள் இப்படி எதிர்பார்க்கும் விடைகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டுதான் வகுப்புக்குள் போவார்கள் என்று படித்த பிறகு பழகிக்கொண்டேன். என் வேலையை இவ்வளவு மாற்றியது வேறு எதுவும் இல்லை.

பாதி வகுப்பு 500 × 6 = 3000 என்று போட்டிருக்கும். கடைசிப் படியின் விலையை எல்லா யூனிட்டுக்கும் போட்டுவிடுவார்கள். பெரியவர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளையைத்தான் முதலில் பலகைக்குக் கூப்பிடுவேன். தப்பு என்று நான் சொல்வதில்லை. "அப்படியானால் இலவச நூறு எங்கே போச்சு?" என்று பின்பெஞ்சிலிருந்து யாராவது கேட்பார்கள். அடுத்து, ஒவ்வொரு படியாகப் பிரித்துப் போட்ட பிள்ளை வரும்: 225, 900, 600, ஆக 1,725. பிறகு 501 யூனிட்டுக்கு 1350, 600, 8, ஆக 1,958.

வித்தியாசம் 233 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு! வகுப்பில் சத்தம் எழும்பும். அம்மா ஜெயித்துவிட்டார் என்று கைதட்டுவார்கள். அங்கே விட்டுவிடக் கூடாது. "எட்டு ரூபாய் புரியுது. மீதி 225 எங்கேருந்து வந்துச்சு?" இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை பறிபோனதுதான் அந்த 225. சென்ற வருடம் இதைச் சொன்னவள் அதுவரை கணக்கு வகுப்பில் தானாக வாய் திறக்காத பெண். வீட்டில் அவள்தான் அட்டையைப் பார்த்துப் பணம் கட்டுபவளாம்.

சரி, இதில் சமன்பாடு எங்கே என்று கேட்பீர்கள். 250 யூனிட்டுக்கு எவ்வளவு, 337-க்கு எவ்வளவு, 389-க்கு எவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே போவேன். மூன்றாவது நான்காவதில் சலிப்பு வரும். "மிஸ், ஒரே தடவையா எழுதிட்டா என்ன?" என்று யாராவது கேட்கும் வரை காத்திருப்பேன். அப்போதுதான் சாக்பீஸை எடுப்பேன். 200-லிருந்து 400 வரை: y = 225 + 4.5(x − 200). சுருக்கினால் y = 4.5x − 675. உடனே ஒரு சந்தேகம் வரும், வராவிட்டால் நானே கேட்பேன்: x பூஜ்யம் என்றால் y மைனஸ் 675, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மின்வாரியம் 675 ரூபாய் கொடுக்குமா? இந்தச் சமன்பாடு எந்த x-க்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும். சாய்வு என்பது ஒரு யூனிட்டின் விலை என்பதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. வரைபடத்தில் கோடு செங்குத்தாகிக்கொண்டே போவதைப் பார்த்து அவர்களே சொல்வார்கள்.

பத்தாம் வகுப்புக்கு இதே கணக்கு சார்புகள் பாடத்தில் மறுபடி உதவும். "சரியாக 1,800 ரூபாய் பில் வர முடியுமா?" என்று கேளுங்கள். 500 வரை அதிகபட்சம் 1,725. தாண்டினால் குறைந்தபட்சம் 1,958. நடுவில் எதுவுமே இல்லை. மதிப்பகம் (x எடுக்கக்கூடிய மதிப்புகள்), வீச்சகம் (y-க்குக் கிடைக்கும் மதிப்புகள்) என்ற சொற்களை வெறும் மனப்பாடமாக வைத்திருந்த பிள்ளை அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கும். ஒரு நாளைக்கு 8.2 யூனிட் ஓடும் வீட்டில் கணக்கெடுப்பு 60-ஆம் நாளில் நடந்தால் என்ன, 62-ஆம் நாளில் நடந்தால் என்ன என்றும் கேட்கலாம். 492 யூனிட்டுக்கு 1,677, 508 யூனிட்டுக்கு 2,014. அந்தப் பாடவேளை மணி அடித்தாலும் முடியாது.

திருப்புதல் சார், நீங்கள் சொன்ன ஸ்வெல்லரின் கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வழிகாட்டாமல் விடுவது அநியாயம், அதுவும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு. ஆனால் பிரச்சினையை முதலில் கொடுப்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் கல்வி ஆய்வாளர் மனு கபூர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வைப் பாருங்கள். கால்பந்து வீரர்கள் ஆண்டுதோறும் அடித்த கோல்களைக் கொடுத்து, யார் சீராக ஆடுகிறார் என்பதை எண்ணால் காட்டச் சொன்னார். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் அவர்களுக்கு நடத்தப்படவில்லை. யாரும் சரியான சூத்திரத்துக்கு வந்து சேரவில்லை. ஆனால் பலவிதமாக முயன்றார்கள். அதற்கப்புறம் ஆசிரியர் முறையாகப் பாடம் நடத்தினார். முதலிலேயே பாடம் கேட்ட வகுப்போடு ஒப்பிட்டபோது, வழிமுறைக் கணக்கில் இவர்கள் பின்தங்கவில்லை, கருத்துப் புரிதலில் முந்தினார்கள். "அப்புறம் பாடம் நடத்தினார்" என்ற அந்தப் பகுதியை நம் பயிற்சிகளில் பெரும்பாலும் சொல்வதே இல்லை. நான் இரண்டாம் பாடவேளையின் பாதியில் பலகையில் முழுக்கப் போட்டுக்காட்டுகிறேன். பயிற்சிக் கணக்கும் உண்டு. உங்கள் பாதி போட்ட கணக்கு அந்த இடத்துக்கு மிகப் பொருத்தம்.

போர்ஷன் பற்றி: ஒரு இயலுக்கு ஒரு பிரச்சினை, அதுவும் தொடக்கத்தில் மட்டும். செய்முறை வடிவியலுக்கு இந்த முறை தேவையே இல்லை. கவராயத்தைப் பிடித்துக் காட்டிக் கொடுத்துவிடுவதுதான் நேர்மை.


மட்டுநகர் ஆசிரியை எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். தரம் 10, 11 மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். இலங்கையில் 2007 சீர்திருத்தத்தோடு ஐந்து படிகள் கொண்ட ஒரு முறை வந்தது: ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல். நாற்கரம் ஆசிரியை சொல்லும் வரிசையும் ஏறத்தாழ இதுதான். ஆனால் ஐந்து படிகளையும் ஒரே பாடவேளைக்குள் திணிக்கப் போய், கண்டறிதல் சுவரில் ஒட்டும் தாளோடு முடிந்துவிடுவதை நிறையக் கண்டிருக்கிறேன். விளக்கும் படிக்கு நேரம் இருக்காது. ஆகவே அவர் சொன்ன இரண்டு பாடவேளை என்பதை நானும் வலியுறுத்துவேன்.

எனக்குக் கைகொடுத்த பிரச்சினை ஒன்று. 60,000 ரூபாய் கைத்தொலைபேசிக்கு 15,000 ரூபாய் முற்பணம். மீதி 45,000-ஐப் பத்து மாதத்தில் சம தவணைகளாகக் கட்ட வேண்டும். இரண்டு கடைகளும் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்றே சொல்கின்றன. ஒரு கடையில் மாதத் தவணை 5,400 ரூபாய், மற்றதில் 4,995 ரூபாய். இரண்டு கடையும் உண்மைதான் சொல்கின்றனவா?

முதற்கடையைப் பிள்ளைகள் விரைவாகப் பிடித்துவிடுவார்கள்: 45,000-க்குப் பத்து மாத வட்டி 9,000. இரண்டாவதில்தான் திணறல். "கட்டி முடித்த காசுக்கும் ஏன் மிஸ் வட்டி கட்ட வேணும்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முதல் மாதம் பத்துப் பங்குக்கு வட்டி, அடுத்த மாதம் ஒன்பது, பிறகு எட்டு. கூட்டினால் 55. ஒரு பங்கான 4,500-க்கு ஒரு மாத வட்டி 90. 55 தொண்ணூறு 4,950. 45,000-உடன் கூட்டிப் பத்தால் வகுத்தால் 4,995. ஆக இரண்டு கடையும் சொல்வது உண்மைதான், வட்டி போடும் விதம்தான் வேறு. இங்கே சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்குக் குறைந்து செல்லும் மீதி என்று கற்பிப்பது இதுதான். மாத அலகு (ஒரு பங்குக்கு ஒரு மாதம்) என்ற சொல்லைப் பாடநூலில் காண்பதற்கு முன்பே பிள்ளைகள் அதைப் போட்டு முடித்திருப்பார்கள். வீட்டில் தவணைக்குப் பொருள் எடுத்த குடும்பங்கள் எங்கள் பக்கம் அதிகம். அட்டையைக் கொண்டுவந்து சரிபார்த்த பிள்ளைகளும் உண்டு.


செஞ்சிக்கோட்டை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. திருப்புதல் சார் சொன்னது என் பயத்தை அப்படியே எடுத்துச் சொன்னது போல் இருந்தது. கரண்ட் பில் கணக்கை அடுத்த வாரமே எடுக்கிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். அந்த முதல் பத்து நிமிடத்தில் நோட்டில் ஒன்றுமே எழுதாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை என்ன செய்வது? அப்புறம், தலைமை ஆசிரியர் நோட்டைப் பார்த்தால் அடித்தல் திருத்தலாகத்தான் இருக்கும். யோசனை வளர்கிறது என்று அவரிடம் எதைக் காட்டுவது?


நாற்கரம் எழுதியது:

ஒன்றும் எழுதாத பிள்ளைக்கு முழுப் பிரச்சினையும் ஒரேயடியாக மலைப்பாக இருக்கும். பக்கத்தில் போய், "100 யூனிட் ஓடினா எவ்வளவு? 101 ஓடினா?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டே கால் ரூபாய் என்று வாயில் வந்துவிட்டால் அடுத்தது 102 என்று அதுவே போகும். வழியைச் சொல்லாதீர்கள், எண்ணைச் சின்னதாக்கிக் கொடுங்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையாக இருந்தால் கேள்வியை அதன் வாயாலேயே ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் தேக்கம் பெரும்பாலும் வாசிப்பில்தான், கணிதத்தில் இல்லை.

நோட்டில் இடது பக்கம் முயற்சிக்கு, வலது பக்கம் வகுப்பில் முடிவான கணக்குக்கு. இடது பக்கத்தில் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ஏன் அடித்தேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஆரம்பத்தில் "தப்பு" என்று மட்டும் எழுதுவார்கள். போகப் போக "இலவச நூறைக் கழிக்கலை", "501-க்குப் பழைய பட்டியலைப் போட்டேன்" என்று வரும். கணக்கை முடித்த பிறகு திரும்பிப் பார்ப்பதைத் தனிப் படியாகவே கணிதவியலாளர் போல்யா 1945-இல் எழுதிவைத்தார். அந்த ஒரு வரிதான் அது. தலைமை ஆசிரியரிடம் ஜூன் மாதப் பக்கத்தையும் நவம்பர் மாதப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மேலும் ஆதாரம் கேட்டால், தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்காக, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ரா. ராமானுஜம் தலைமையிலான குழு தந்த அறிக்கை இருக்கிறது. குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதுதான் பள்ளிக் கணிதத்தின் முதன்மை நோக்கம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஸ்லிப் டெஸ்டில் நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: "பில் 1,425 ரூபாய். எத்தனை யூனிட்?" (450 வர வேண்டும்.) இன்னொன்று, ஒரு தப்பான விடையை அச்சடித்துக் கொடுத்து எந்த வரியில் வழுக்கியது என்று கேட்பது. மனப்பாடம் செய்து வந்த பிள்ளை இந்த இரண்டிலும் நின்றுவிடும். புரிந்த பிள்ளை மெதுவாகவாவது நகரும். பொதுத்தேர்வின் கட்டாய வினாவுக்கும் இதே பழக்கம்தான் உதவுகிறது.

மட்டுநகர் மேடம், உங்கள் தவணைக் கணக்கைப் பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு மாற்றம் செய்வேன்: பத்து மாதத்தைப் போட்டு முடித்ததும் 24 மாதத் தவணை என்று கேட்பேன். பத்திலிருந்து ஒன்று வரை விரல்விட்டே கூட்டிவிடுவார்கள். 24 என்று வந்தால்தான் குறுக்குவழி தேடுவார்கள். 300 என்ற விடையை யாராவது கூட்டாமல் சொல்லும் வரை சூத்திரத்தைப் பலகையில் எழுத மாட்டேன்.